காவசாகி நோயை எண்ணத் தொடங்குங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாநிலத்தின் குழந்தைநல மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துபவன். சில ஆண்டுகளுக்கு முன், இரண்டு வயதாக இருந்த என் மகளுக்குக் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தபோது, அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். கண்கள் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செம்புற்றுப்பழம் (ஸ்ட்ராபெரி) போல ஆன பிறகும் இரண்டு நாள் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் ஒரு மருத்துவர், அவள் தோளில் இருந்த பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு கன்றிச் சிவந்திருப்பதைக் கவனித்து, குழந்தைகளின் ரத்தநாளங்களைப் புண்ணாக்கும் காவசாகி நோயாக இருக்கலாம் என்றார். கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களால் ஆன இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து அன்றிரவே ஏற்றப்பட்டது. அவளுடைய இதயத் தமனிகள் தப்பின. இது எதனால் வந்தது என்று நான் கேட்டதற்கு, உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பதிலிலிருந்து தொடங்கிப் படித்தவற்றின் முடிவில் இந்த மடலை எழுதுகிறேன்.

1961 ஜனவரியில் டோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனையில், எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத அறிகுறிகளோடு வந்த நான்கு வயதுச் சிறுவனை டோமிசாகு காவசாகி பார்த்தார். ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்து, அதே போன்ற 50 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 1967இல் வெளியிட்டார். தானே ஆறிவிடும் நோய் என்றுதான் முதலில் கருதப்பட்டது. அது இதயத் தமனிகளின் சுவரை அழற்சியால் புடைக்கச் செய்து, சில குழந்தைகளின் உயிரையும் எடுக்கும் என்பது, 1970இல் ஜப்பான் நாடு முழுவதும் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகே உறுதிப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது.

காரணத்தைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையிலிருந்து வந்தது என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானில் நோய் அலை போல எழுந்தது. இப்படி எழுவது பெரும்பாலும் தொற்றுநோயின் நடத்தை. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், ஆனால் தாயின் எதிர்ப்பொருள்கள் உடம்பில் தங்கியிருக்கும் முதல் மூன்று மாதங்களில் இது அரிதாகவே வருகிறது. இதுவும் தொற்றையே சுட்டுகிறது. எனினும் ஒரு குழந்தைக்கு வந்தால் பக்கத்துக் குழந்தைக்கு ஒட்டுவதில்லை. ஆகவே, எல்லாக் குழந்தைகளும் சாதாரணமாகக் கடந்துவிடும் ஏதோ ஒரு கிருமிக்கு, மரபணுவிலேயே அதற்கான வாகு உள்ள சில குழந்தைகளின் உடம்பு மட்டும் அளவு மீறிப் போராடி, அந்தப் போராட்டத்தில் தன் ரத்தநாளங்களையே புண்ணாக்கிக்கொள்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஜப்பானில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோருக்கும், அமெரிக்காவில் ஏறத்தாழ 20 பேருக்கும் இது வருகிறது. ஆனால் ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளிடம் இந்த விகிதம் ஜப்பானை ஒட்டியே உயர்ந்திருக்கிறது. உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழப் பத்து மடங்கு கூடுகிறது. நோயெதிர்ப்புச் செல்களுக்குக் கடிவாளம் போடும் ஐடிபிகேசி என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கிருமி எது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. 1980களில் அமெரிக்காவில் கம்பளம் கழுவும் நுரையின் மேல் சந்தேகம் விழுந்து, பிறகு நிற்காமல் போனது. 2005இல் ஒரு புதிய கொரோனா வைரஸ் குற்றவாளி என்று சொல்லப்பட்டது. மற்ற ஆய்வுக்கூடங்கள் தேடியபோது அது அகப்படவில்லை. ஆசியப் பெருநிலத்திலிருந்து ஜப்பானுக்கும், பசிபிக் கடல் தாண்டி ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் வீசும் காற்றின் போக்கோடு நோயின் ஏற்ற இறக்கம் பொருந்துகிறது என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான், கவர்வது வேறு, நிரூபணம் வேறு என்றாலும். 2020இல் ஜப்பானில் முகக்கவசமும் இடைவெளியும் வந்ததும் காவசாகி நோய் கணிசமாகக் குறைந்தது. மூச்சின் வழியே வரும் ஏதோ ஒன்று காரணம் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தியது. அதே ஆண்டில் கோவிட் தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்து, இதை ஒத்த ஆனால் வேறான ஓர் அழற்சி நோய் குழந்தைகளைத் தாக்கியதை நீங்களே வார்டுகளில் பார்த்திருப்பீர்கள்.

இந்தியாவில் சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனம் இந்நோயைத் தொடர்ந்து பதிந்து வந்திருக்கிறது. அங்கே 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு 1994இல் 0.51 ஆக இருந்த விகிதம் 2007இல் 4.54 ஆனது. நோய் கூடியதா, மருத்துவர்களின் கண் கூர்மையானதா என்பதை ஒரு நகரத்தின் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள், எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டால், பதில் சொல்லும் பொதுவான பதிவேடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அப்படி ஒன்றைத் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு பக்கப் படிவம் போதும்: வயது, பால், மாவட்டம், காய்ச்சல் தொடங்கிய தேதி, முந்தைய வாரங்களில் வீட்டில் யாருக்காவது சளியோ காய்ச்சலோ இருந்ததா, உடன்பிறந்தோர், மருந்து ஏற்றிய நாள், எக்கோ எனப்படும் இதய ஸ்கேனின் முடிவு. பெற்றோர் இசைந்தால், மருந்து ஏற்றும் முன் எடுக்கும் ரத்தத்தில் சிறிதளவு சேமித்து வைக்கலாம். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடையாளர்களின் எதிர்ப்பொருள்கள் கலந்துவிடுவதால் காரணத்தைத் தேடப் பயன்படாது.

கிராமச் செவிலியர்களுக்கும் ஒரு குறிப்பு போக வேண்டும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத் தமனியில் புடைப்பு வருகிறது. பத்து நாளுக்குள் மருந்து ஏறினால் அது 5 விழுக்காட்டை ஒட்டிக் குறைகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பத்து நாளில் பெரும்பகுதியை வேப்பிலை எடுத்துக்கொண்டது. வேப்பிலையைக் குறை சொல்லாமல், ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு பீளை கட்டாமல் கண் சிவந்திருந்தால் வேப்பிலையோடே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள், தாய்மார்கள் கேட்பார்கள்.

என் மகளின் காய்ச்சல் அட்டை, எக்கோ அளவுகள், மருந்து ஏறிய நேரம் எல்லாம் அடங்கிய கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதிவேடு திறக்கப்படும் நாளில் அதைக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை