தோழருக்கு, ஒரு வினைச்சொல் பற்றி

அன்புள்ள தோழர்,

இன்று டிசம்பர் 6, பின்லாந்தின் விடுதலை நாள். நம் தொகுப்பில் அந்த வாக்கியத்தை மாற்றிவிட்டேன். 'லெனின் பின்லாந்துக்கு விடுதலை வழங்கினார்' என்பது இனி 'பின்லாந்தின் விடுதலையை அங்கீகரித்தார்' என்று அச்சாகும். உங்களைக் கேட்காமல் செய்தது தவறுதான். கேட்டிருந்தால் இந்த ஆண்டும் தள்ளிப்போயிருக்கும்.

பெத்ரோகிராதில் லெனின் அரசு இயங்கிய ஸ்மோல்னி மாளிகையின் அந்த இரவை உங்களைப்போல் சொல்ல யாரும் இல்லை. 1917 டிசம்பர் 31. நடைக்கூடத்தில் பின்லாந்தின் தூதுக்குழுவினர் ஸ்வின்ஹூவுத், என்கெல், இட்மான் மூவரும் காத்திருக்கிறார்கள். நள்ளிரவு நெருங்கும்போது லெனின் அரசின் முடிவு எழுதிய அந்தத் தாள் அவர்கள் கைக்கு வருகிறது. அந்த இடத்தில் உங்கள் குரல் தழுதழுக்கும். எனக்கும் தொண்டை அடைக்கும், இப்போதும்.

ஆனால் தாளில் இருப்பவை இரண்டே கூறுகள். பின்லாந்துக் குடியரசின் சுதந்திரத்தை அங்கீகரிக்கும்படி சோவியத்துகளின் மத்திய நிர்வாகக் குழுவுக்கு முன்மொழிவு. பிரிவதால் எழும் நடைமுறை வேலைகளுக்கு இருதரப்பு ஆணையம். எல்லை எது என்று ஒரு சொல்கூட இல்லை. அதற்கு 25 நாள் முன்பே ஹெல்சிங்கியில் பின்லாந்து நாடாளுமன்றம், ஆதரவு 100, எதிர்ப்பு 88 என்று விடுதலைக்கு முடிவெடுத்திருந்தது. அந்த 88 பேரும் விடுதலையை எதிர்த்தவர்கள் அல்லர். ரஷ்யாவோடு பேசிப் பிரியலாம் என்றவர்கள்.

தாளில் ஸ்டாலினின் கையெழுத்தும் இருக்கிறது. இத்தனை கூட்டங்களில் ஒருமுறையாவது அதைச் சொன்னீர்களா?

எல்லை 1920-இல் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தில்தான் முடிவானது. வடக்கே பெட்சமோ பகுதி பின்லாந்துக்கு வந்தது. கிழக்குக் கரேலியாவின் ரெபோலாவும் பொராயார்வியும் ரஷ்யாவுக்குப் போயின. 1939 அக்டோபரில் மாஸ்கோ அதே ரெபோலா, பொராயார்விப் பகுதியில் 5,529 சதுர கிலோமீட்டர் தருவதாகச் சொல்லி, கரேலியப் பூசந்தி முதலிய இடங்களில் 2,761 சதுர கிலோமீட்டர் கேட்டது. ஹாங்கோ துறைமுகத்தை 30 ஆண்டு குத்தகைக்கும் கேட்டது. பின்லாந்து மறுத்தது, போர் வந்தது. டிசம்பர் 1-இல், சோவியத் படை பிடித்த எல்லை ஊரான தெரியோக்கியில், பின்லாந்துக் கம்யூனிஸ்ட் குசினென் தலைமையில் ஓர் அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாளே மாஸ்கோ அதனோடு ஒப்பந்தம் செய்தது: 70,000 சதுர கிலோமீட்டர் கொடுத்து 3,970 வாங்குவதாக. ஹெல்சிங்கியில் இருந்த அரசை மாஸ்கோ கணக்கிலேயே எடுக்கவில்லை. 'வழங்கினார்' என்று அச்சிட்டால், வழங்கியவருக்குத் திரும்ப எடுக்கவும் உரிமை உண்டென்று படிப்பவர் நினைப்பார். என் வாதம் இவ்வளவுதான், தோழர்.

நானும் மறைத்திருக்கிறேன். 1941-இல் பின்லாந்துப் படை பழைய எல்லையைத் தாண்டிக் கிழக்குக் கரேலியாவைப் பிடித்ததையும், அங்கே அமைத்த முகாம்களில் பொதுமக்கள் 4,000 பேருக்கு மேல் இறந்ததையும் என் பத்தியிலிருந்து நீக்கினேன். பக்கம் போதாது என்று உங்களிடம் சொன்னேன். பக்கம் இருந்தது. உங்கள் பக்கம் வலுத்துவிடும் என்ற பயம்தான். மன்னியுங்கள். இப்போது சேர்த்துவிட்டேன்.

நம் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். கடைசிக் கூட்டத்தில் நடந்ததை இங்கே எழுதவில்லை.

ஒரு திருத்தம் மிச்சம். உங்கள் அட்டவணையில் டிசம்பர் 18-உம் 31-உம் தனித்தனி நிகழ்வுகளாக இருக்கின்றன. ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது. இரண்டும் ஒரே நாள். ஒரு வரியை எடுத்துவிட்டேன்.

முகப்பில் உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது. ஜனவரி 4 அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், திட்டாவது.