கோடு விழுந்த கட்டையும் கருங்காலிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், மகளுக்கு வாங்கிய வயலினின் ஃபிங்கர்போர்டில், அதாவது தந்திகளுக்கு அடியில் விரல் வைத்து அழுத்தும் பலகையில், பழுப்புக் கோடு ஓடுகிறது, கருங்காலி என்று சொல்லி வேறு ஏதோ கட்டையைத் தலையில் கட்டிவிட்டார்கள், பணத்தைத் திருப்பி வாங்காமல் விடப்போவதில்லை என்று எழுதியிருந்தார். கோபம் நியாயம்தான், வயலின் விற்கும் விலை அப்படி. ஆனால் அதைப் படித்துவிட்டு என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் வயலினை விளக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு "டீச்சர், இதுவும் போலியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே முறையில் சொல்லிவிடுகிறேன்.

கோடு இருப்பதால் போலி ஆகிவிடாது. நல்ல கருங்காலியிலேயே பழுப்பு, சாம்பல், ஏன் தேன் நிறத்தில்கூடக் கோடுகள் வரும். கடையில் நாம் பார்க்கும் மையிருட்டுக் கறுப்பு பல நேரம் சாயத்தின் வேலையாக இருக்கலாம், அசல் கருங்காலிக்கே நிறம் ஒன்றுபோல் தெரியட்டும் என்று சாயம் ஏற்றுகிறவர்கள் உண்டு. போலியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் விரல் படும் இடத்தைப் பாருங்கள். வெளுத்த மரத்தில் கறுப்பு பூசியிருந்தால் தந்திக்கு அடியில் தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை தெரிந்துவிடும், புதிதாக இருக்கும்போது பிள்ளையின் விரல்நுனியும் கறுக்கும். கோடு போட்ட கருங்காலி தேய்ந்தால் உள்ளேயும் அதே கோடுதான் இருக்கும்.

இந்தக் கோடு ஏன் வருகிறது என்று தெரிய மரத்திடம் போக வேண்டும். கடைக்காரர்கள் ஆப்பிரிக்கக் கருங்காலி, காபோன் கருங்காலி என்று சொல்வது பெரும்பாலும் டயோஸ்பைரோஸ் கிராசிஃப்ளோரா என்ற மரம். கேமரூன், காபோன், இரண்டு காங்கோ நாடுகள், நைஜீரியாவின் தென்பகுதி என்று மத்திய ஆப்பிரிக்காவின் தாழ்நில மழைக்காடுகள்தான் அதன் வீடு. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் மாதிரி குடை விரித்து நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மரங்களின் நிழலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், மிக மெதுவாக வளர்வது இது. நன்றாக வளர்ந்தாலே 20, 25 மீட்டர்தான். பட்டை கருத்திருக்கும். இலைகள் தண்டில் மாறி மாறி அமைந்திருக்கும், நீள்வட்டமாக, ஓரத்தில் பல் இல்லாமல், நுனி கூர்ந்து. ஆண்டு முழுவதும் பச்சைதான், மொத்தமாக இலை கொட்டி மொட்டையாக நிற்கும் பருவம் கிடையாது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இதற்கு ஜாக்கல்பெர்ரி என்று ஓர் உறவு மரம் இருக்கிறது, அது வறண்ட இடங்களில் இலையைக் கொட்டிவிடும்.

சரி, கறுப்பு எங்கே இருக்கிறது? நடுவில் மட்டும். நம் தச்சர்கள் வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்வார்களே, அந்த வைரம்தான் கருங்காலியின் கறுப்பு. வெளிப்பக்கத்து மரம் வெளிர் நிறமாகவே இருக்கும், நீர் ஏறுவது அந்தப் பகுதியில். மரம் முதிர முதிர உள்ளே இருக்கும் செல்கள் ஓய்ந்துபோய், அவற்றில் கருமையான பொருள்கள் படிந்து அடைத்துக்கொள்கின்றன. அது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படியும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில மரத்தில் முழுக்கக் கறுப்பு, சிலவற்றில் பட்டை பட்டையாகப் பழுப்பு. வெளியே நின்று பார்த்து எது எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது, வெட்டினால்தான் தெரியும்.

விஷயமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சந்தைக்கு முழுக் கறுப்புதான் வேண்டும் என்பதால் கேமரூனில் மரம் வெட்டுகிறவர்கள் ஒன்றை வெட்டிப் பார்ப்பார்கள், கோடு இருந்தால் காட்டிலேயே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனம் ஸ்பெயினின் மாடின்டர் நிறுவனத்தோடு சேர்ந்து 2011-இல் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியது. அதன் பிறகு கிட்டார் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான பாப் டெய்லர் வெளியே சொன்ன கணக்கு, பத்து மரம் வெட்டினால் ஏறக்குறைய ஒன்றுதான் முழுக் கறுப்பு, மற்றதெல்லாம் தரையில் கிடந்து மக்குகிறது என்பது. அவர் செய்தது, கோடு விழுந்த கட்டைக்கும் அதே விலை என்று அறிவித்து அதையே தன் கிட்டார்களில் போட ஆரம்பித்தது. வியாபாரி சொல்கிற நல்ல கதை எதையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன், ஆனால் இதில் தர்க்கம் சரியாகவே இருக்கிறது. கடினம், எடை, தேயாத தன்மை, இவற்றுக்காகத்தான் வயலினில் கருங்காலி போடுகிறோம், கறுப்பு நிறத்தில் ஸ்வரம் ஒன்றும் கூடுதலாகப் பேசப்போவதில்லை.

இதற்கு முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மொரிஷியஸ் தீவின் கருங்காலியை டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். இலங்கைக் கருங்காலிக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. மடகாஸ்கரின் கருங்காலி இனங்கள் 2013-இல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறின. கிராசிஃப்ளோராவை ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அழிவு அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக வைத்திருக்கிறது.

பூவையும் காயையும் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மரம் தானாகப் பெருகுவது அவ்வளவு சுலபமில்லை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூ வெண்மஞ்சள் நிறம், இதழ் தடிப்பாக இருக்கும். பெண் மரத்தில் மட்டும்தான் காய். பழம் 10 சென்டிமீட்டர் வரை பெருக்கும், சதைக்குள் ஏறக்குறைய பத்துப் பெரிய விதைகள். காம்பின் பக்கம் புல்லிவட்டம் உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரச்சந்தையில் பெர்சிமன் பழம் வாங்குகிறோமே, அதன் தலையில் நாலு மடலாகக் காய்ந்த ஒரு தொப்பி இருக்கும் பாருங்கள், அதே புல்லிவட்டம்தான். பெர்சிமனும் டயோஸ்பைரோஸ்தான். ஊரில் வலைக்குச் சாயம் ஏற்றிய பனிச்சங்காயும் பீடி சுற்றும் இலையும் இதே பேரினம். 700-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றில் கருங்கட்டையே இருக்காது. இங்கே சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் பூவா மெந்தேகா என்று சொல்லும், பழத்தோல் வெல்வெட் மாதிரி இருக்கும் பிலிப்பீன்ஸ் மரமும் இந்த வகைதான். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் இணைய மர வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம்.

அவ்வளவு பெரிய விதையை யார் தூக்கிக்கொண்டு போவது? யானை. மத்திய ஆப்பிரிக்கக் காட்டு யானைகள் பழத்தை முழுசாக விழுங்கி, தாய் மரத்திலிருந்து வெகு தூரம் நடந்துபோய், சாணத்தோடு விதையைப் போடுகின்றன. சாணத்துக்குள் கிடக்கும் விதையைக் கொறிக்கும் பிராணிகள் அவ்வளவாகத் தொடுவதில்லை, வெறும் தரையில் கிடப்பதைத் தின்றுவிடுகின்றன. 2025-இல் வெளியான கேமரூன் ஆய்வு ஒன்று, யானைகள் அழிந்துபோன காடுகளில் கருங்காலியின் இளங்கன்றுகள் ஏறத்தாழ 68 விழுக்காடு குறைவு என்று கண்டது. பெரிய மரங்கள் இன்னும் நிற்பதால் காடு பச்சையாகத்தான் தெரியும், அடுத்த தலைமுறை வரவில்லை என்பது கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். 2019 ஜூலையில் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வியட்நாமுக்குப் போகவிருந்த கொள்கலன்களில் 8.8 டன் தந்தத்தை இங்கே பிடித்தார்கள். ஏறக்குறைய 300 யானைகளின் தந்தம் என்று மதிப்பிட்டார்கள். 2021 செப்டம்பர் முதல் உள்நாட்டிலும் தந்த வியாபாரத்துக்குத் தடை. அந்தத் தந்தச் செய்தியையும் நம் வீட்டு வயலினையும் அன்று யாரும் சேர்த்து யோசிக்கவில்லை, நானும்தான். ஆனால் யானை போனால் கருங்காலிக்கு நாற்று நடுவதற்கு ஆள் தேவைப்படுகிறது. கேமரூனில் 2016-இல் தொடங்கிய எபனி திட்டம் அந்த வேலையைத்தான் கிராமத்துக்காரர்களோடு சேர்ந்து செய்கிறது, கருங்காலியோடு பழமரக் கன்றுகளையும் நடுகிறார்கள். இன்று நட்டது வைரம் பாய பல பத்தாண்டுகள் ஆகும், நம் பேரப்பிள்ளைகளுக்கே அது கிடைக்குமா என்பது சந்தேகம்.

அதனால் சென்ற வாரம் எழுதிய வாசகருக்கு என் யோசனை, தந்திக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் தாராளமாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போங்கள், நானே கூட வருகிறேன். வெறும் கோடு மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். புது வயலின் வாங்கும் பெற்றோர், முழுக் கறுப்பாக இருக்கிறதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு எந்த நாட்டு மரம், சாயம் ஏற்றியதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் அவர்களும் மொத்த வியாபாரியைக் கேட்க வேண்டி வரும்.

அப்புறம் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோடு விழுந்தது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த ஃபிங்கர்போர்டும், தந்தியை முறுக்கும் பிருடையும் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். என் மாணவர்களின் வயலின்களில் மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது, நியாயமான விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயலின் ஆசிரியை, ஈசூன்