திண்ணையில் கேட்டால் உண்மை வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடி, புகையிலை, போதைப் பழக்கங்கள் குறித்த கணக்கெடுப்புகளில் மக்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. குடியாத்தம் வட்டாரத்தில் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று சுகாதாரக் கேள்வித்தாள் நிரப்பியவள் என்ற முறையில், அந்தக் குறையில் பெரும்பங்கு கேட்கும் முறையையே சேரும் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

திண்ணையில் மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் சூழ்ந்திருக்க, “புகையிலை போடுவதுண்டா?” என்று கேட்டால், ஒரு மருமகள் “இல்லை” என்பதைத் தவிர வேறென்ன சொல்வாள்? வெற்றிலையோடு மெல்வதை அவள் புகையிலைப் பழக்கமாகக் கருதாமலும் இருக்கலாம்; ஆகவே, வெற்றிலையில் என்னென்ன சேர்ப்பீர்கள் என்று தனியிடத்தில் கேட்க வேண்டும். குடியைப் பற்றிக் கேட்கும்போதும், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, சம்பள நாள், உறவினர் திருமணம் என்று நாள்களை நினைவூட்டிக் கேட்டால்தான் கணக்கு உண்மையை நெருங்குகிறது.

1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த ஒரு முறை உண்டு. பதிலளிப்பவர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் “ஆம்” என்றும், பூ விழுந்தால் உள்ளதையும் சொல்வார். 1,000 பேரில் 600 பேர் “ஆம்” என்றால், ஏறத்தாழ 500 நாணயத்தால் வந்தவை. மீதமுள்ள 500 பேரில் 100 பேருக்கு, அதாவது 20 விழுக்காட்டினருக்குப் பழக்கம் உண்டு என்று மதிப்பிடலாம். யாருடைய “ஆம்” மெய்யானது என்பது கேட்டவருக்கும் தெரியாது.

சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதித்துவிடலாமே என்பார்கள். நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் சில நாட்கள் வரை தென்படும் என்பது உண்மையே. ஆனால் பீடி சுற்றும் பெண்களின் உடலில், அவர்கள் புகையிலையை வாயில் வைக்காதபோதும், புகையிலைத் தூளைக் கையாள்வதாலேயே அது சேர்கிறது. அதை மட்டும் நம்பினால், உண்மை சொன்னவளைப் பொய்க்காரி ஆக்கிவிடுவோம். எங்கள் ஊருக்கு இது சிறிய கவலை அன்று.

ஓர் இளைஞர் என்னிடம், “அக்கா, இந்தத் தாள் போலீசுக்குப் போகுமா?” என்று கேட்டார். போகாது என்றேன், ஆனால் எடுத்துக்காட்ட எழுத்தில் ஒரு வரிகூட என் கையில் இல்லை. பெயரைத் தனித்தாளிலும் விடைகளை எண்ணிட்ட தாளிலும் பிரித்து வைப்பதோடு, காவல்துறைக்கோ வேலை கொடுப்பவருக்கோ அவை தரப்படமாட்டா என்ற உறுதிமொழியைத் தமிழில் அச்சிட்டு, கேள்வி தொடங்கும் முன்பே கையில் கொடுக்குமாறு, வேலூர் மாவட்டத்தில் ஆய்வு நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்,
குடியாத்தம்.