தட்டின் மேல் ஒரு சீட்டு: உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கும், சென்னையில் இருக்கும் ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் பகுதியில் இதயநலம் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம், நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எண்ணெயை வனஸ்பதி மாதிரி கெட்டியாக்கும்போது உண்டாகும் செயற்கை டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதை இறக்கும், ரத்தக்குழாயை அடைக்கும் என்று மேடையில் அருமையாக விளக்கினார்கள். நாங்களும் கைதட்டினோம். முடிந்ததும் ஆளுக்கொரு அட்டைப் பெட்டி வந்தது. திறந்தால் ஒரு பஃப்ஸ், ஒரு கிரீம் பன், ஒரு மிக்சர் பொட்டலம். பெட்டியின் மேல் கேட்டரிங்காரரின் போன் நம்பரைத் தவிர வேறொரு எழுத்தும் இல்லை. "இந்த பஃப்ஸ் எதுலங்க செஞ்சது?" என்று பேசியவரிடமே போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாதும்மா" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2021 ஜனவரியிலிருந்து 3 சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. அந்தக் கொழுப்பைப் போட்டுச் செய்யும் பண்டத்திலும், அதிலுள்ள மொத்தக் கொழுப்பில் இதே 2 சதவீதம்தான் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கேட்டுக்கொண்டதற்கு நம் நாடு இவ்வளவு சீக்கிரம் சட்டம் போட்டது பெருமைக்குரியது, மறுக்கவில்லை. டென்மார்க் 2003-லேயே போட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை கொஞ்சம் அளவோடு இருக்கும். எப்படியோ, சட்டம் வந்துவிட்டது. அது எங்கள் தெரு பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்ததா என்பதுதான் என் கேள்வி.

என் வீட்டுக்காரருக்குச் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறியில் வேலை. நைட் ஷிப்டில் பதினோரு மணி வாக்கில் தறியை விட்டு வந்தால் அந்த நேரத்துக்குக் கிடைப்பது டீயும் பஃப்ஸும்தான். இட்லிக் கடை அதற்குள் மூடிவிடும். பல வருஷம் அப்படித்தான் ஓடியது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆனதால் கடன் வாங்காமல் தப்பித்தோம், அந்த நன்றி எப்போதும் உண்டு. பஃப்ஸால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பீடியும் இருந்தது, தூக்கமில்லாத ராத்திரிகளும் இருந்தன. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொன்னது இது: "வனஸ்பதி, மார்ஜரின் போட்டது எதுவும் வேண்டாம். எதுல செஞ்சதுன்னு கேட்டு வாங்குங்க."

கேட்டு வாங்கத்தான் போனேன். கல்லாவில் இருந்தவர், "டால்டா எல்லாம் இல்லீங்க, மார்ஜரின்ங்க" என்றார், ஏதோ பாலில் செய்ததைச் சொல்வது போல. எந்த மார்ஜரின் என்றால், "மாஸ்டருக்குத்தான் தெரியும்ங்க." மாஸ்டர் நல்ல மனிதர், உள்ளே கூப்பிட்டே காட்டினார். மாவை விரித்து, மேலே மஞ்சளாக ஒரு கொழுப்புக் கட்டியைத் தட்டி வைத்து, மடித்து மடித்து உருட்டிக்கொண்டிருந்தார். "வெண்ணெய் வச்சா இந்தச் சேலம் வெயிலுக்கு மேசையிலேயே உருகி ஓடிடும்மா. இது அசையாது, அதான் ஏடு ஏடா வருது" என்றார். அவர் சொல்வது அவர் தொழிலுக்கு நியாயம். கொழுப்பு வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டேன். பிரித்து அடுப்படியில் விரித்திருந்தார்கள். எண்ணெய் ஊறி, மாவு அப்பி, அச்செழுத்தில் பாதி போயிருந்தது. சட்டம் கேட்கிற விவரமெல்லாம் அந்த அட்டையில்தான் இருந்தது. அதன் மேல்தான் மாஸ்டர் நின்றிருந்தார்.

இதுதான் எங்கள் கஷ்டம். பாக்கெட்டில் வரும் பிஸ்கட்டுக்காவது பின்னால் எறும்பு எழுத்தில் ஏதோ இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தாவது படிக்கலாம். தட்டில் அடுக்கி விற்கும் பஃப்ஸ், கேக், கிரீம் பன், தேங்காய் பன் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. எங்களைப் போன்றவர்கள் சாப்பிடுவதோ பெரும்பாலும் இந்தத் தட்டுச் சரக்குதான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. பேக்கரியிலும் பலகாரக் கடையிலும் ஒவ்வொரு தட்டின் மேலும் இது எந்தக் கொழுப்பில், எந்த எண்ணெயில் செய்தது என்று தமிழில் ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள்.

முடியாத காரியம் இல்லை. தட்டில் விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் நீங்கள்தானே சொன்னீர்கள்? ஜிலேபிக்கும் மைசூர்பாக்குக்கும் முன்னால் அந்தச் சின்ன அட்டை பல கடைகளில் இன்றும் இருக்கிறது. அதே அட்டையில் இன்னொரு வரி. அவ்வளவுதான்.

மனசு வைத்தால் துறையால் முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். ரோடமின்-பி சாயம் இருந்ததென்று 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஒரு வருடத் தடை வந்தது. இரண்டும் சரியான முடிவு. பஞ்சுமிட்டாய் திருவிழாவுக்குத் திருவிழா தின்பது, பஃப்ஸோ தினமும் தின்பது. பஞ்சுமிட்டாய் விற்றவர் குச்சியும் கையுமாகத் தனியாக நின்றார். கொழுப்புக் கட்டி செய்பவர் அப்படி நிற்பவரா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது தறிதான்.

ஏற்காடு போனாலும் இதே கதைதான். ஏரிக்கரையில் பஜ்ஜி வாங்கினால் சட்டி எண்ணெய் காப்பித் தூள் நிறத்தில் இருக்கிறது. காய்ந்த எண்ணெயில் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. கணக்கு எழுதி வைக்க வேண்டியது ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவு செய்பவர்கள். பஜ்ஜிக் கடை அக்கா அத்தனை எண்ணெய்க்கு எங்கே போவார்? கோடை விழாவுக்குப் பூ அலங்காரம் பார்க்க வரும்போது அந்தச் சட்டியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். சீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"டிரான்ஸ் கொழுப்பு இல்லை" என்று மட்டும் எழுத விட்டுவிடாதீர்கள். 100 கிராமில் 0.2 கிராமுக்குக் குறைவாக இருந்தாலே இல்லை என்று போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. அது ஒரு பக்கம். டிரான்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான பாமாயில் கொழுப்பைப் போட்டால், இதய நோயாளிக்கு அதுவும் ஆகாத கொழுப்புதான். அதனால் பெயரையே எழுதச் சொல்லுங்கள்: வெண்ணெயா, வனஸ்பதியா, மார்ஜரினா, பாமாயிலா. வெண்ணெயில் செய்கிற கடைக்காரருக்கு இதில் நஷ்டம் இல்லை. இன்றைக்கு அவர் பஃப்ஸும் பக்கத்துக் கடை பஃப்ஸும் தட்டில் ஒரே மாதிரிதான் தெரிகிறது, விலையில் மட்டும் அவர் தோற்கிறார்.

எழுதியது உண்மைதானா என்று பார்க்க ஒவ்வொரு கடையாக ஏற வேண்டியதும் இல்லை. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் போன்ற மொத்தக் கடைகளில் கொழுப்புப் பெட்டிகளில் மாதிரி எடுத்து, சோதனை முடிவை மாதாமாதம் பெயரோடு வெளியிட்டால் போதும். அபராதம் போட்ட செய்தி மட்டும் வருகிறது, எந்தச் சரக்கு தேறியது என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை.

ஸ்டென்டுக்கு அரசு கொடுக்கும் பணத்தோடு பார்த்தால் ஓர் அட்டைக்கு என்ன செலவாகிவிடும்?

தீபாவளிக்கு முன் பலகாரக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு நீங்கள் கூட்டம் போடுவது வழக்கம். இந்த வருஷம் அந்தக் கூட்டத்தில், தட்டின் மேல் கொழுப்பின் பெயரை எழுதி வைக்க உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள், அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்கிறோம்.

அந்தக் கூட்டத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் பெட்டியில் சுண்டல் வைத்தால் மிகவும் நன்று.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் மனைவி