'காதல் கவிஞர்கள்'!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆங்கிலக் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தையும் கோல்ரிட்ஜையும், 'ரொமான்டிக்' என்ற இலக்கிய இயக்கத்தின் பெயரைக் காதல் என்று பெயர்த்து, 'காதல் கவிஞர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை என்றால் கைப்பிழை என்று விட்டிருப்பேன், நான்கு தடவை! அந்த இயக்கத்துக்குப் புனைவியல், கற்பனாவாதம் என்ற சொற்கள் தமிழில் புழங்குவது தாங்கள் அறியாததா? அதே இயக்கத்துக் கவிஞர் ஷெல்லியின் பெயரால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதியை இனி என்னவென்று அழைப்பீர்கள்?

அதுகூடப் போகட்டும். 'பூவையும் பறவையையும் பாடி உலகத்தை மறந்தவர்கள்' என்று ஒரு வரி. ஐயா, 31 ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். வேர்ட்ஸ்வொர்த்தின் 'மைக்கேல்' என்ற கதைக்கவிதை பாடமாக இருந்தது. அண்ணன் தம்பி பிள்ளைக்கு ஜாமீன் நின்றதால் நிலத்தின் மேல் கடன் வந்து விழுகிறது. அதை அடைக்க ஒரே மகனை நகரத்துக்கு அனுப்புகிறான் 84 வயது மேய்ப்பன். பிள்ளை கெட்டுக் கடல் கடந்து ஓடிவிடுகிறான். பாதியில் நின்ற ஆட்டுப்பட்டிக்குப் போய்ப் போய், ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்காமல் திரும்புகிறான் தகப்பன்.

கிடை போடும் குடும்பத்துப் பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் இருந்தான். "ஏன் வைக்கவில்லை என்று எங்கள் அப்பாவுக்குத் தெரியும் சார்" என்றான். அண்ணன் திருப்பூருக்குப் போய் நான்கு வருடமாகத் தகவல் இல்லையாம். அவன் கையில் இருந்த நோட்ஸிலோ 'இயற்கைக் கவிஞர், ஐந்து மதிப்பெண்' என்று இருந்தது. தங்கள் கட்டுரையாளரும் அதே நோட்ஸைப் படித்தவர் போலிருக்கிறது.

இந்தக் கவிதை வந்த தொகுப்பை 1801-இல் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற அரசியல் தலைவருக்கு அனுப்பி, ஏழைகளின் குடும்பப் பாசம் சிதைகிறதே என்று கடிதமும் எழுதினார் வேர்ட்ஸ்வொர்த். உலகத்தை மறந்தவர் செய்கிற காரியமா இது? மக்கள் பேசும் மொழியில்தான் கவிதை என்று 1800-இல் அதே தொகுப்புக்கு அவர் முன்னுரை எழுத, கூட்டாளி கோல்ரிட்ஜே 1817-இல் அதை மறுத்தார். குறை சொல்ல ஆசை என்றால் அங்கே எவ்வளவோ இடம் இருந்தது.

சென்ற ஆண்டு, டாஃபடில் என்ற பூவைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த் கவிதைக்குச் சூரியகாந்திப் படம் போட்டீர்கள். எழுதினேன், மூன்று வரியாக நறுக்கி, என் பெயரையும் தவறாக அச்சிட்டீர்கள்.

'காதல்' என்பதைப் 'புனைவியல்' என்று திருத்தி வாசிக்கவும் என ஒரு வரி வெளியிட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்
(பெயர் வேண்டாம், எப்படியும் தவறாகத்தான் போடுவீர்கள்)