காமிக்ஸ் வாசகர்களையும் பதிவு செய்யுங்கள்

ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற காமிக்ஸ் பதிப்பாசிரியர் ஒருவர் தம் தொழில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்த கட்டுரையைத் தங்கள் ஞாயிறு மலரில் வாசித்தேன். ஓவியர், எழுத்தாளர், அச்சகம் எல்லாம் விரிவாக வருகின்றன. வாசகர் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறார். காமிக்ஸ் நிலைத்ததில் ரசிகர்களுக்கும் பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர் கடைகள் நிறைந்த கிரே தெருப் பகுதியில் நான் பழைய புத்தகக் கடை நடத்திய காலத்தில், இரண்டு இதழ் கொடுத்தால் ஒன்று என்பதே கணக்கு. அதிகம் கைமாறியவை 1936இல் அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் தொடங்கிய, முகமூடி வீரர் வேதாளரின் (Phantom) கதைகள். ஒரே பிரதி அட்டை கிழிந்து, ஒட்டுப் போட்டு, இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த் வரை போய் என் மேசைக்கே திரும்பும். (ஆப்பிரிக்கக் காட்டை வெள்ளையர் ஒருவர் காக்கும் கதையை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்தவர்களின் பிள்ளைகள் எப்படி ரசித்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.)

அந்த வாசகர்களில் பலர் இன்று முதியவர்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் அவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யவும், வீட்டு அலமாரிகளில் கிடக்கும் இதழ்களைப் பெற்றுக்கொள்ளவும் முன்வர வேண்டும். தங்கள் இதழ் அதற்கான அறிவிப்பை வெளியிட்டு உதவலாம்.

முன்னாள் புத்தகக் கடைக்காரர்,
டர்பன்