கண்வலிக் கிழங்கு வேண்டாம், மரகதம்

அன்புள்ள மரகதம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. ஆனால் முட்டிவலிக்கு உன் வேலியில் பூத்திருக்கும் செங்காந்தளின் கிழங்கை, அதாவது கண்வலிக் கிழங்கை, இடித்துக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும் பதறிவிட்டேன். தயவுசெய்து செய்யாதே.

உனக்கு யோசனை சொன்னவர் இல்லாததைச் சொல்லவில்லை. கால் பெருவிரல் வீங்கிச் சிவக்குமே, அந்த யூரிக் அமில வாதத்துக்கு டாக்டர்கள் எழுதித் தரும் கோல்சிசின் இந்தச் செடியில் இருக்கிறது. இங்கே மூலனூர்ப் பக்கம் கம்பிப் பந்தல் போட்டுக் கண்வலிக் கிழங்கு பயிரிடுவதே விதைக்காகத்தான். அதிலிருந்துதான் மருந்தைப் பிரிக்கிறார்கள். பூவைக் கிட்டப் போய்ப் பார். மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்தண்டு நடுவில் நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் தானாகப் போய் அதன் நுனியில் ஒட்டுவது அரிது. அதனால் காலையிலேயே ஆட்கள் இறங்கி, பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். அத்தனை பாடு.

சரி, மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். உன் வேலிக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்து சொல்வார்கள்? உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே இந்த விஷம் தடுத்துவிடும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடிக்கும். அது அடங்கி, தேறிவிட்டோம் என்று நினைக்கும்போது எலும்பு மஜ்ஜை முடங்கி ரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். முறிவு மருந்து கைவசம் கிடையாது. வேகவைத்தாலும் போகாது; வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள்.

நம் வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பற்றுப் போடுவார்கள். உள்ளுக்குக் கொடுப்பதற்கு முன் சீவி, உப்புப் போட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் காயவைத்துப் பல நாள் சுத்தி செய்வார்கள். தெரிந்தவர்களே அவ்வளவு பயந்து தொட்ட சரக்கு இது.

பூ அழகு, இருந்துவிட்டுப் போகட்டும். பேரன் வரும்போது மட்டும் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள். நீ முதலில் யூரிக் அமில டெஸ்ட் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
செல்வி